ஆறாம் மேஜையில் ஸ்தனிஸ்லாஸ்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்று இருபதுக்கு, மூன்றாவது துண்டின் கடைசி வாயில், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஸ்தனிஸ்லாஸ் செத்துப்போனார். செங்கரை ஜங்ஷனில், பட்லர் ஸ்டேக் ஹவுஸின் ஆறாம் மேஜையில், முப்பத்தேழு வருஷமாக ஞாயிறு தவறாமல் அவர் உட்கார்ந்த நாற்காலியில் அது நடந்தது. தலை சற்றே சாய்ந்தது, கண் பாதி மூடியது, பக்கத்து மேஜைக்காரர்கள் ஏப்பம் என்று நினைத்துக்கொண்ட ஒரு சத்தம் வெளியே வந்தது, அவ்வளவுதான். சர்வர் பிரகாசம் அந்த நேரம் கறித் தாம்பாளத்தோடு மேஜைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தார். அவர் பார்த்தது ஸ்தனிஸ்லாஸை அல்ல, தட்டை. தட்டு காலியாக இருந்தது. கத்தி ஒரு பக்கமும் முள்கரண்டி ஒரு பக்கமும் கிடந்தன. இடுக்கியால் நாலாவது துண்டை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு பிரகாசம் ஏழாம் மேஜைக்குப் போனார். அவர் முதுகுக்குப் பின்னால், செத்தவரின் வலது கை கத்தியை எடுத்துக்கொண்டது.

அது அந்தக் கடையின் சட்டம். வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவரிடம் பட்லராக இருந்த சவரிராயன், துரை கப்பலேறிய பிறகு நாற்பத்தொன்பதில் இந்தக் கடையைத் திறந்தபோது, துரை வீட்டிலிருந்து மூன்று விஷயங்களைக் கொண்டுவந்தார்: பன்னிரண்டு பீங்கான் தட்டுகள், மிளகும் வினிகரும் போட்டு மாட்டுக்கறியை ஊறவைக்கும் பக்குவம், சாப்பிடுகிறவர் கத்தியையும் முள்கரண்டியையும் ஒன்றாகச் சேர்த்து நேராக வைக்கும்வரை தட்டை எடுக்கவும் கூடாது, காலியாக விடவும் கூடாது என்ற வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அளவு கிடையாது. சவரிராயன் செத்து, அவர் மகன் செத்து, பேரன் ரெக்ஸ் கல்லாவில் உட்கார்ந்த பிறகும் சட்டம் மாறவில்லை.

இருபது நிமிஷம் கழித்துத்தான், ஏழாம் மேஜையில் இருந்த பார்சல் ஆபீஸ் குமாஸ்தா, ஸ்தனிஸ்லாஸின் கை மேலே பட்டபோது அது குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்று இருப்பதைக் கவனித்தார். டாக்டர் கருணாகரனை அழைத்து வந்தார்கள். மழையில் நனைந்தபடி ஸ்தனிஸ்லாஸின் ஒரே மகள் செசிலியும் வந்தாள். ரயில்வே பள்ளியில் லேப் அசிஸ்டென்டாக வேலை பார்க்கிறவள், நாற்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள், அந்தக் கடைக்குள் அன்றுதான் முதல் தடவையாகக் கால் வைக்கிறவள்.

டாக்டர் மார்பில் குழாயை வைத்தார், கண்ணில் டார்ச் அடித்தார், மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை அவர் விட்டதும் அது மறுபடி கறியை அறுக்கப் போனது.

"ஆள் போயாச்சும்மா. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்."

"மென்னுக்கிட்டு இருக்காரே டாக்டர்."

"இருக்கட்டும். அதுக்கு சர்டிஃபிகேட்ல இடம் கிடையாது."

மரணச் சான்றிதழை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு, மழையில் இவ்வளவு தூரம் வந்ததற்காக, டாக்டர் இரண்டாம் மேஜையில் உட்கார்ந்து ஒரு தட்டு கொண்டுவரச் சொன்னார்.

செசிலிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கல்லறைத் தோட்டத்தில் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் ஆறு வருஷமாகக் காத்திருந்தது; அப்பாவுக்கு முகம் என்று ஒன்று இருக்கும்போதே, கோயிலில் பெட்டியைத் திறந்து வைத்து நாலு பேர் கடைசியாகப் பார்க்கும்படி இருக்கும்போதே, அவரை அங்கே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்பா மீது கொள்ளை ஆசை ஒன்றும் இல்லை. முப்பத்தேழு வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு தனியாக இங்கே வந்தார். வீட்டில் அம்மாவும் அவளும் ரசமும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டார்கள். மீசையில் மிளகு வாசத்தோடு பல்குத்திக்கொண்டே திரும்பி வருவார். சாகிற வாரத்தில் அம்மா, படுக்கையிலிருந்தபடி, அது எப்படித்தாங்க இருக்கும் என்று கேட்டாள். சொல்ற மாதிரி ஒன்னுமில்ல என்றார். ஆசை இல்லாவிட்டாலும் ஒருத்தரைப் புதைக்கத்தான் வேண்டும் என்பது செசிலியின் கணக்கு.

அவள் தட்டைப் பிடித்து இழுத்தாள். தட்டு வந்தது, துண்டும் வந்தது. கத்தி மட்டும் நிற்கவில்லை, மேஜையின் பளிங்குப் பலகையை அறுக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் காதுக்குள் போகவில்லை, பல்லுக்குள் போனது. கடையில் இருந்த முப்பது பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள், தெருவில் மழையில் படுத்திருந்த ஒரு கிழட்டு மாடு எழுந்து நடந்தது, மூன்றாம் மேஜையில் ஒரு பெண்மணி வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, "ஏம்மா, ஒரு துண்டு வச்சா என்ன குறைஞ்சு போயிருவ? உன் அப்பாதானே" என்றாள்.

பிரகாசம் ஒரு துண்டு வைத்தார். சத்தம் நின்றது.

பங்குத் தந்தை இருதயராஜ் குடையோடு வந்து, ஆறாம் மேஜைக்கு எதிரே நின்றார். "பூசைக்கு எல்லாம் தயார்தான் செசிலி. ஆனா சாப்பிட்டுக்கிட்டிருக்கிற மனுசனை எப்படிம்மா எழுப்புறது? முடிச்சதும் சொல்லி அனுப்பு."

"முடிக்க மாட்டாரு சாமி. செத்தவருக்கு எங்கே வயிறு நிறையும்?"

"அதை நாம தீர்மானிக்க முடியாது."

செங்கரையில் எந்த இரண்டு தெருவும் எதிலும் ஒத்துப்போனதில்லை. தேர்த்தெருக்காரர்கள் பட்லர் கடை இருக்கும் பக்கமே நடக்க மாட்டார்கள், மாட்டுக்கறி வாடை பட்டால் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகுவார்கள். பள்ளிவாசல் தெருக்காரர்கள் தேர்த்தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிப் போவார்கள். ரயில்வே காலனிக்காரர்கள் இரண்டு தெருவையும் ஊர்க்காரர்கள் என்பார்கள். ஆனால் சாப்பிடுகிற ஆளைப் பாதியில் எழுப்பக்கூடாது என்பதில் எல்லோரும் ஒன்று. வாரண்டோடு வரும் போலீஸ்காரர்கூட, கை கழுவிட்டு வரட்டும் என்று வாசலில் நிற்கிற ஊர் அது. அதனால் ஞாயிறு மாலைக்குள் எல்லாத் தெருவும் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிட்டன: அவரா முடிக்கட்டும்.

அவர் முடிக்கவில்லை. அரை மணிக்கு ஒரு துண்டு, நாளொன்றுக்கு நாற்பத்தெட்டு துண்டு. கடையைச் சாத்த முடியவில்லை. திங்கள் போனது, செவ்வாய் போனது, நவம்பர் மழை ஓயாமல் பெய்தது. புதன்கிழமை வாடை வந்தது. ரெக்ஸ் ஊதுபத்தி கொளுத்தினான், பிறகு சாம்பிராணி, பிறகு இரண்டும். ஸ்தனிஸ்லாஸின் கழுத்தில் ஒரு மல்லிகைச் சரத்தையும் போட்டான். மல்லிகையும் மிளகும் சாம்பிராணியும் பிணமும் சேர்ந்து ஒரு புது வாடை உண்டானது. அதற்கு மூக்கு பழக ஊருக்கு ஒன்றரை நாள் ஆயிற்று, அதற்கு மேல் ஆகவில்லை.

வியாழக்கிழமை, மஞ்சள்காமாலை வந்து இரண்டு மாதமாகச் சோறு இறங்காமல் இருந்த கூட்ஸ் டிரைவர் செல்லையா, வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். ஸ்தனிஸ்லாஸ் அறுப்பதையும் மெல்லுவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஐந்தாம் மேஜையில் உட்கார்ந்து நாலு துண்டு சாப்பிட்டார்.

"அவரைப் பார்த்தா பசிக்குதய்யா" என்றார் வெளியே வந்து, உதட்டைத் துடைத்துக்கொண்டே. "கண்ணால கண்டா வயிறு திறக்குது."

அதோடு ஊர் திரும்பியது. அல்சர்காரர்கள் வந்தார்கள், பிள்ளை பெற்று வாய் கசந்த பெண்கள் வந்தார்கள், தொண்டையில் ஆபரேஷன் ஆனவர் ஒருவர் வந்தார். எஞ்சின் மாற்ற நாற்பது நிமிஷம் நிற்கும் வண்டிகளில் இருந்து ஆட்கள் தண்டவாளம் தாண்டி ஓடிவந்து, வாயில் அடக்கிக்கொண்டே திரும்பி ஓடினார்கள். ஆறாம் மேஜைக்கு எதிர் நாற்காலிக்குச் சீட்டுப் போட்டு ஆள் எடுத்தார்கள். அவர் பார்வை படும் இடம் என்பதால் கிராக்கி. கடைக்குள் வர முடியாத தேர்த்தெருக்காரர்களுக்காக ரெக்ஸ் தெருப் பக்க ஜன்னலைப் பெரிதாக இடித்துவிட்டான். அவர்கள் எதிர்ச்சாரியில் குடை பிடித்து நின்று, மூக்கை மூடிக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு இரட்டிப்பாகச் சாதம் சாப்பிட்டார்கள்.

ஸ்தனிஸ்லாஸின் வாயோரம் வழிந்து விழும் துணுக்குகளுக்குக் காகிதத்தோடு காத்திருந்தவர்கள் உண்டு. வீட்டில் சாப்பிடாமல் அடம்பிடிக்கிறவர்களுக்குக் குழம்பில் கரைத்துக் கொடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவர் வாய்க்குள் போன கறியெல்லாம் எங்கே போகிறது என்று எட்டு நாள் வரை யாரும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து நாலாம் மேஜையின் தண்ணீர் டம்ளரில் விழுந்தது; நாற்காலியின் பிரம்பு இருக்கை வழியாகச் சொட்ட ஆரம்பித்தது. அடியில் ஓர் ஈயச் சட்டியை வைத்தார்கள். சாப்பிட வந்தவர்கள் காலை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டார்கள். ஈக்கள் வந்தன, ஆனால் அவர் பக்கம் போகவில்லை. உயிரோடு இருந்தவர்களின் தட்டுகளில்தான் உட்கார்ந்தன. விரட்ட ஒரு கை, மெல்ல ஒரு வாய் என்று எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

செசிலி தினமும் பள்ளி விட்டதும் வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில், நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் காதோரம் பச்சை ஏறுவதைப் பார்த்தாள், உதடு கறுத்துப் பின்னால் சுருங்குவதைப் பார்த்தாள், அந்த உதட்டுக்குள் தாடை மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்வதைப் பார்த்தாள். இந்த மனிதர் வீட்டில் ஒரு நாள்கூட இவ்வளவு அக்கறையாக எதையும் செய்ததில்லை என்று நினைத்தாள். அதற்கப்புறம் மற்ற முகங்களைப் பார்த்தாள். நெய் பூசின மாதிரி மினுங்கும் கன்னங்கள், கறியைப் புரட்டும் நாக்குகள், செத்தவரைப் பார்த்தபடியே விரலைச் சூப்புகிற ஸ்டேஷன் மாஸ்டர், நாளைக்கு மூன்று வேளையும் வந்து எடை கூடிவிட்ட டாக்டர் கருணாகரன். இதில் யார் உயிரோடு இருக்கிறவர் என்று வெளியூர் ஆள் வந்து கேட்டால் அவளால் சட்டென்று சொல்லியிருக்க முடியாது.

ஒரு நாள் பிரகாசம் பின்கட்டில் வாந்தி எடுத்துவிட்டு வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே அவள் பக்கத்தில் நின்றார்.

"அன்னைக்கு முகத்தைப் பார்த்திருந்தா வச்சிருக்க மாட்டேன்மா" என்றார். "தட்டைத்தான் பார்த்தேன். நாப்பது வருஷமா தட்டைத்தான் பார்க்கிறேன். இங்க வந்து சாப்பிட்ட எவன் முகமும் எனக்குத் தெரியாது."

"இப்ப வைக்காம இருங்கண்ணே."

"சத்தம் வருமே."

"வரட்டும்."

"நீ தாங்குவம்மா. இவனுங்க என் கையை முறிச்சு அவங்களே எடுத்து வைப்பானுங்க." பிரகாசம் தாம்பாளத்தைத் தோளுக்கு உயர்த்திக்கொண்டு போய்விட்டார்.

பதின்மூன்றாம் நாள் ரெக்ஸ் கல்லாவை விட்டு இறங்கி வந்து அவள் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவளைவிட எட்டு வயது சின்னவன். சின்ன வயதில் அவளிடம் அறிவியல் நோட்டுக்குப் படம் வரைந்து வாங்கிப் போனவன்.

"செசிலிக்கா, ஒரு உதவி. உங்க லேப்ல தவளையெல்லாம் பாட்டில்ல போட்டு வைப்பீங்கல்ல, கெட்டுப் போகாம. அந்த மருந்து ஒரு கேன் கிடைக்குமா?"

"ஃபார்மலினா?"

"அதான். உங்க அப்பாவை இப்படியே விட்டா இன்னும் பத்து நாள் தாங்க மாட்டாரு. கை வேற கழண்டுக்கும் போல இருக்கு. நீங்க வந்து தடவி விட்டீங்கன்னா, அப்பாவுக்கு மகள் செஞ்ச மாதிரியும் இருக்கும், அவரும் ஒரு ரெண்டு மூணு வருஷம் நல்லபடியா இருப்பாரு."

"ரெண்டு மூணு வருஷம்."

"நல்லா பார்த்துக்கிறேன்க்கா. எங்க தாத்தா மேல சத்தியமா சொல்றேன்."

செசிலி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பேசிக்கொண்டே எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை கொண்டாறேன்" என்றாள்.

நவம்பர் இருபத்துமூன்று, ஞாயிறு, பகல் பன்னிரண்டரைக்கு, ஐந்து லிட்டர் கேனோடு அவள் வந்தாள். வரிசை லெவல் கிராசிங் வரை நின்றது. செசிலியைப் பார்த்ததும் வழி விட்டார்கள். அவரோட பொண்ணு, மருந்து கொண்டு வந்திருக்கா என்று வரிசை முழுக்கச் சேதி போனது, ஒருவர் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். அவள் ஆறாம் மேஜைப் பக்கம் போகவில்லை. நேரே சமையற்கட்டுக்குப் போனாள். அன்றைய வியாபாரத்துக்கான கறி முழுவதும், அறுபது கிலோ, மிளகிலும் வினிகரிலும் ஊறியபடி மூன்று அலுமினியத் தொட்டிகளில் இருந்தது. அந்த வாரம் ஊரில் அறுத்த மாட்டில் மிச்சம் என்று வேறெங்கும் ஒன்றும் இல்லை, அடுத்த சந்தை திங்கட்கிழமைதான். கேனின் மூடியைத் திருகி, மூன்று தொட்டியிலும் சமமாக ஊற்றினாள். ஆவி எழுந்து கண்ணைக் குத்தியது. சமையல் மாஸ்டர் யாகூப் லுங்கியால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்.

ரெக்ஸ் ஓடிவந்தான். கண்ணில் நீர் வழிந்தது, ஆவியாலா கறியாலா என்று தெரியவில்லை. "என்னக்கா பண்ணிட்டீங்க?"

"நீ கேட்டதைத்தான் கொண்டாந்தேன். செத்த மனுசனுக்கும் செத்த மாட்டுக்கும் ஒரே மருந்துதான் ரெக்ஸ்."

தாம்பாளத்தில் மிச்சமிருந்தது இரண்டு துண்டு. அதில் ஒன்றைப் பசி தாங்காமல் ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்துக்கொண்டார். மற்றதை ஸ்தனிஸ்லாஸ் ஒன்று இருபத்தைந்து வரை சாப்பிட்டார். பிறகு தட்டை அறுக்க ஆரம்பித்தார்.

முதலில் ரொட்டி வைத்துப் பார்த்தார்கள். கத்தி நுனியால் அதைத் தள்ளிவிட்டார். அவித்த முட்டை வைத்தார்கள், பக்கத்துத் தெருவில் இருந்து ஆட்டுக்கறி வறுவல் வரவழைத்து வைத்தார்கள், அதையும் தள்ளிவிட்டார். பளபளப்பு உரிந்து, பீங்கானின் உள்மண்ணை எஃகு தொட்டபோது, சத்தம் பல்லில் இருந்து தாடைக்கும் தாடையில் இருந்து முதுகெலும்புக்கும் இறங்கியது. டாக்டரின் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த வெள்ளி கழன்று விழுந்தது. லெவல் கிராசிங்கில் கேட் கீப்பர் காதில் சேறு அப்பிக்கொண்டார். தேர்த்தெருவில் கோயில் மணியை அடித்துச் சத்தத்தை மூடப் பார்த்தார்கள், முடியவில்லை. பத்து நாள் அவரால் பசித்தவர்கள், முப்பத்தைந்து நிமிஷம் தாங்கினார்கள்.

"தூக்குங்கய்யா இந்த ஆளை" என்றார் செல்லையா, அவரைப் பார்த்து முதன்முதலாகப் பசித்தவர்.

சாப்பிடுகிற ஆளை எழுப்பக்கூடாது என்று யாரும் அப்போது சொல்லவில்லை. எட்டுப் பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். ஈயச் சட்டி கவிழ்ந்தது. வழுக்கி விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே எழுந்து, கையை அடுத்தவர் சட்டையில் துடைத்துவிட்டு, கூட ஓடினார்கள். தட்டு மேஜையிலேயே நின்றுவிட்டதால் வழியெல்லாம் கத்தி நாற்காலியின் கைப்பிடியை அறுத்துக்கொண்டு போனது. கோயிலில் நிறுத்தவில்லை. பங்குத் தந்தை இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கே வந்து, செய்ய வேண்டிய செபத்தில் பாதியைச் செய்தார்.

பெட்டியில் வைக்கும்போது கத்தியும் முள்கரண்டியும் விரல்களை விட்டு வரவில்லை. விரல்தான் வரும் போலிருந்தது. அப்படியே விட்டார்கள். மூடுவதற்கு முன்னால் செசிலி குனிந்தாள். முகம் என்று சொல்ல அதிகம் இல்லை. தாடை அசைந்துகொண்டிருந்தது. அவள் இரண்டு விரலை அவர் வாய்க்குள் விட்டு, கடைசியாக உள்ளே போன கவளத்தை, நாரும் கொழுப்புமாக, வெளியே எடுத்துத் தூரப் போட்டாள். தோட்டத்து நாய் ஒன்று வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது. புடவைத் தலைப்பால் மீசையைத் துடைத்தாள். வெறும் வாயை அவர் மென்றுகொண்டிருந்தார்.

"போதும்ப்பா" என்றாள். அது அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

மண் விழுந்தது. நாலடி மண் மூடும்வரை சத்தம் கேட்டது, பிறகு மழைச் சத்தம்தான் கேட்டது. எட்டுப் பேரும் தோட்டத்துக் குழாயில் வரிசையாகக் கை கழுவினார்கள். வீட்டில் என்ன சமையல் என்று ஒருவர் மற்றவரைக் கேட்டார். செசிலி கடைசியாகப் போய், சோப்பு போட்டு ஐந்து தடவை கழுவினாள். வாடை போகவில்லை.

கடை மூடிக் கிடந்தது. டிசம்பர் முழுக்க, ஊரில் பசி குறைந்துவிட்டதாகப் பேச்சு இருந்தது; பண்டிகைக்குச் செய்த பலகாரம்கூட மிஞ்சிப்போனது என்றார்கள். எஞ்சின் மாற்ற நிற்கும் வண்டிகளில் இருந்து இறங்கியவர்கள், அந்த ஆள் எங்கே என்று பிளாட்பாரத்தில் விசாரித்துவிட்டு, வெறுமனே திரும்பி ஏறினார்கள்.

1998 பிப்ரவரி 9, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு, ஸ்தனிஸ்லாஸைத் தோண்டி எடுத்து ஆறாம் மேஜைக்குத் திருப்பித் தருமாறு கேட்கும் மனு பங்கு அலுவலகத்தில் கொடுக்கப்பட்டது. நூற்று எண்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், முதல் கையெழுத்து டாக்டர் கருணாகரனுடையது. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாகப் பங்குத் தந்தை தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.